கால் நின்ற பத்து இடங்கள்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா. கதவுக்குக் கீல் எதற்கு, கீலுக்கு ஆணி எதற்கு, ஆணிக்குத் தலை எதற்கு என்று ஐந்து வயதில் ஒருநாள் துருவித் துருவிக் கேட்டு அக்காவின் பொறுமையைக் காலி செய்தபோது வைத்த பெயர். வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டிய அது எப்படியோ வாசல் தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, கால்வாய்த் துறை அலுவலகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும், அலுவலகத்தில் அவள் துருவிதான். அவளும் கோபித்துக்கொள்வதை நிறுத்திப் பல வருடமாகிறது.

அவள் வேலை மாதிரி எடுப்பது. கால்வாயைத் தூர்வாரும்போது வரும் வண்டலைத் தண்ணீரோடு பெரிய குழாயில் உறிஞ்சி, நாலு பக்கமும் மண்கரை கட்டிய ஒரு தொட்டிக்குள் விடுவார்கள். தொட்டி என்றால் குளிக்கிற தொட்டி இல்லை, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு இருக்கும். ஒரு முனையில் குழாய் கொட்டும். எதிர்முனையில் தெளிந்த தண்ணீர் மதகு வழியாக வடிந்து கால்வாய்க்கே திரும்பிப் போகும். ஏழெட்டு மாதம் காய்ந்த பிறகு, அடியில் தங்கியதை விவசாயிகள் லாரியில் அள்ளிக்கொண்டுபோய் நிலத்தில் பரப்பிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் துருவி அதிலிருந்து மண் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை வந்ததும் அதன் அடியில் ‘மாதிரி எடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு கூடை மண் வெளியே போகாது.

அவள் மேசைக்கு மேலே, சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் பன்னிரண்டு விதிகள் தொங்கின. கிணற்றிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளித்தான் பரப்ப வேண்டும். ஒரு சாண் கனத்துக்கு மேல் கூடாது. சரிவான நிலத்தில் கூடவே கூடாது, மழை அடித்துக்கொண்டு போய்விடும். பரப்பியதும் உழுது பழைய மண்ணோடு கலந்துவிட வேண்டும். முதல் பருவத்தில் கீரை, கிழங்கு போடக் கூடாது. இப்படியே போகும். நமக்கு வேண்டியவை அதில் இரண்டுதான். இரண்டாம் விதி: கால் புதையும் இடத்தில் யாரும் இறங்கக் கூடாது. நான்காம் விதி: ஒரு தொட்டிக்குப் பத்து இடங்களில், பரவலாக, மாதிரி எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். பதினோரு வருடமாக, ஐந்து தொட்டிகளிலும், துருவி இரண்டையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வந்தாள். வந்த வினையே அதில்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தாம் தொட்டியின் அறிக்கை வந்தது. காரீயம், காட்மியம், குரோமியம், எதுவும் அளவைத் தாண்டவில்லை. துருவிக்கு வாயெல்லாம் பல். மண் கேட்டிருந்த விவசாயிகளின் பட்டியலில் முதல் ஆள் அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அவளுக்கு மாமா. குலுக்கலில் விழுந்த இடம். நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதென்று துருவி அந்தக் குலுக்கல் நடந்த அறைப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மாமாவுக்கும் அக்காவுக்கும் மூன்று ஏக்கர். போன வருடத்து வெள்ளம் அதன் மேல்மண்ணை வழித்து எடுத்துக்கொண்டு கூழாங்கல்லை விட்டுவிட்டுப் போயிருந்தது. எட்டு மாதமாக இருவரும் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல் வயலைச் சுற்றி இடுப்பு உயரச் சுவராக நின்றது. இனி மேலே மண் விழ வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால். மழை வந்தால் வயலுக்கு இறங்கும் பாதை சேறாகிவிடும், லாரி போகாது, அப்புறம் அடுத்த வருடம்தான். இந்த வருடமும் விதை விழவில்லை என்றால் மாமா தொலைதூர லாரி ஓட்டப் போய்விடுவதாக இருந்தார், வேலை தயாராகக் காத்திருந்தது. வானிலைக்காரர்கள் மழைக்குப் பத்து நாள் கெடு வைத்திருந்தார்கள். லாரிகள் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு.

முதல் ஆளுக்கு இன்னொரு சலுகையும் உண்டு, தொட்டியில் எந்தப் பக்கத்து மண் வேண்டுமென்று அவர் கை காட்டலாம். மாமா கரைமேல் ஒரு சுற்று நடந்துவிட்டு, மதகுப் பக்கத்து மண்ணைக் காட்டியிருந்தார். கன்னங்கரேலென்று, வெண்ணெய் மாதிரி இருந்த மண். யாராயிருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள்.

மத்தியானம் துருவி கொடிக்குச்சிகளை எடுத்துக்கொண்டு, லாரி எங்கே அள்ள வேண்டுமென்று அடையாளம் வைக்கத் தொட்டிக்குப் போனாள். பொக்லைன் ஓட்டுபவர் தன் வண்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரைமேல் ஏறியதும் துருவியின் பார்வை ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. குழாய் முனையிலிருந்து தொட்டியின் பாதிவரைக்கும் களை முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதற்கப்பால் மதகுவரைக்கும் ஒரு புல்கூட இல்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமே முளைக்கல?"

"ஈரமா இருக்கும்மா."

"ஈரத்துலதானே களை முளைக்கும்?"

"அப்போ காஞ்சிருக்கும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விட மாட்டீங்களே! முளைக்கலைன்னா நல்லதுதானே, களை பிடுங்குற வேலை மிச்சம். உங்க மாமா குடுத்து வச்சவர்னு நினைச்சுக்குங்க."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதிரி எடுத்த இடங்களில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டு வைப்பது அவள் வழக்கம். அந்தக் குச்சிகளைக் கண்ணால் தேடி எண்ணினாள். களைக்குள் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, கரையோரமாக மூன்று. பத்தையும் கண்டுபிடித்துவிட்டாள், பத்தும் களைக்குள்ளேயே இருந்தன. பரவலாகத்தான் நட்டிருந்தாள், அவள் கால் நின்ற பாதிக்குள். அந்தப் பக்கம் கால் புதைந்தது, இரண்டாம் விதிப்படி இறங்கவில்லை. பத்து இடம் ஆயிற்று, நான்காம் விதிப்படி வேலை முடிந்தது. பதினோரு வருடமும் இப்படியே.

கொண்டுவந்த கொடிக்குச்சிகளை நடாமல் மறுபடி கட்டிக்கொண்டாள். உடனே மனம் சமாதானமும் சொன்னது: ஒரே கால்வாய், ஒரே குழாய், ஒரே சேறு. இந்த முனையில் சுத்தமாக இருப்பது அந்த முனையில் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? எப்படி என்று கேட்டதோடு சமாதானம் கலைந்துவிட்டது. துருவிக்கு ‘எப்படி’ என்று ஒரு சொல் தலைக்குள் நுழைந்தால், பதில் வரும்வரை சோறு இறங்காது.

அலுவலகத்துக்கு வந்து, காலி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவினாள். கால்வாயிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் கண்ணிமைப்பதற்குள் அடியில் விழுந்தது. கறுப்பு விழவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரைமணி நேரம் ஆகியும் தண்ணீருக்குள் புகை மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்குக் தொட்டிக் குழாய் மனக்கண்ணில் தெரிந்தது. குழாய் கொட்டுகிறது, மணல் அங்கேயே விழுகிறது. பொடிக்களி விழாமல் தண்ணீரோடு தொட்டி முழுக்க நடந்து, மதகுப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே மெதுவாகப் படிகிறது. இரண்டு முனையிலும் கிடப்பது ஒரே மண் இல்லை. அவள் கால் நின்றதே அது மணல் என்பதால்தான். அந்தப் பக்கம் கால் புதைந்ததே அது களி என்பதால்தான்.

பயத்தையும் மீறி அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் அடங்கிவிட்டதே என்ற சந்தோஷம். உடனே ஆய்வுக்கூடத்து அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"உலோகம் எல்லாம் மணல்ல அவ்வளவா ஒட்டாதுங்க" என்றார் அந்த அம்மா. "பொடிசா இருக்கிற களியைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கும். இது தெரியாதா உங்களுக்கு?"

"நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

ஊரையே கேள்வி கேட்டுத் துளைப்பவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. வந்த சந்தோஷம் அத்தோடு போயிற்று.

அவள் போய் விஷயத்தைச் சொன்னதும், அலுவலக அதிகாரி சுவரில் தொங்கிய விதிகளைக் காட்டினார். "ரெண்டாம் விதிப்படி அங்க இறங்கக் கூடாது. நீங்க இறங்கல. நாலாம் விதிப்படி பத்து இடம். எடுத்திருக்கீங்க. ஒரு விதியையும் மீறலையேம்மா, அப்புறம் என்ன?"

"அதான் சார் தப்பு. ரெண்டையும் மீறாம இருந்தா அந்தப் பாதி மண்ணை யாருமே பார்க்க முடியாது."

"அறிக்கை சுத்தமா வந்திருக்கு. கெணறு வெட்டப் போய் பூதத்தைக் கெளப்பாதீங்க. மறுபடி அனுப்பினா பன்னெண்டு நாளாகும். முதல்ல நிக்கிறது உங்க அக்கா வீடு, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு அது ஞாபகம் இல்லாமலா? அவள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். அவள் கையெழுத்து இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. "நீங்களே உங்க அக்காகிட்ட சொல்லிக்குங்க" என்று கைகழுவிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் விதை பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் தட்டு, தட்டில் விதை, சொத்தை ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். கல் பொறுக்கிப் பொறுக்கி அவள் விரல்நகங்கள் தேய்ந்து போயிருந்தன. துருவி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அக்கா தலை நிமிரவில்லை.

"அறிக்கை நல்லா இருக்குன்னு காலையில ஃபோன் பண்ணினது யாரு?"

"நான்தான்."

"அப்போ அது பொய்யா?"

"பொய் இல்லக்கா. அது நான் நின்ன இடத்தோட அறிக்கை. மாமா கேட்ட இடத்துல நான் நிக்கவே இல்ல. இந்தப் பக்கத்து மண்ணு வேணும்னா இப்பவே..."

"மணலா?" என்று வாசலிலிருந்து மாமா கேட்டார். அவர் அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. "எங்க நிலத்துல கல்லு இருக்கு. அது மேல மணலைக் கொட்டி என்னம்மா செய்யுறது?"



"சின்ன வயசுலேருந்து இவளுக்கு இதே வேலை" என்றாள் அக்கா. இப்போது நிமிர்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. "கீலு எதுக்கு, ஆணி எதுக்கு. ஊர்ல யாருக்கும் வராத சந்தேகம் என் நிலத்துக்கு மண்ணு வர்ற அன்னிக்குத்தான் உனக்கு வரணுமா? இத்தனை வருஷமா எங்கடி போச்சு உன் மூளை?"

திட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது துருவிக்குள் கேள்வியாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம். நாலு தொட்டிகள். நாலும் ஏற்கெனவே லாரியேறி வயல்களுக்குப் போயாகிவிட்டது. எல்லாவற்றையும் தோண்டுகிறவள், அந்த ஒன்றை மட்டும் மூடி போட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மதகுப் பக்கம் மாதிரி எடுக்கப் போனார்கள். களியில் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போகும். யோசித்து யோசித்து, கிட்டங்கியில் கிடந்த பழைய கதவு ஒன்றைத் துருவி தேடிப் பிடித்தாள். அலுவலகத்துக் கழிப்பறையில் முன்பு இருந்த கதவு. பொக்லைன்காரர் அதைத் தன் வண்டியின் கையால் தூக்கிக் களிமேல் பதமாக வைத்தார். அவள் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வண்டியில் முடிந்தார்.

"உள்ள ஆள் இருக்கான்னு ஒரு தடவ தட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

துருவி குப்புறப் படுத்துக் கதவுமேல் நகர்ந்தாள். விளிம்புக்குப் போய், கையில் இருந்த பிளாஸ்டிக் குழாயைக் களிக்குள் செருகி, குழாயின் வாயைப் பொத்தி இழுத்தாள். மேலே பொருக்கு, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு, கறுப்புக்குள் நூல் மாதிரி பச்சையாக ஒரு கோடு. முகர்ந்து பார்த்தாள், பழைய நாணயம் வாசனை. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, எந்த வருடத்துத் தண்ணீர் அது என்று யோசித்தபடி, தலைக்கு மேல் வெயில் கொளுத்துவது தெரியாமல் அங்கேயே கிடந்தாள். கரையிலிருந்து பொக்லைன்காரர் தூங்கிட்டீங்களா என்று கத்திய பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். பத்து இடம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

பிறகு காத்திருப்பு. அக்கா ஃபோனை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள், சொன்னதற்கு ஒருநாள் முன்னதாகவே, மழை வந்தது. துருவி அலுவலக ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். மழை பிடிக்காமல் போனது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பதினோராம் நாள் மாமா பையைத் தூக்கிக்கொண்டு லாரி ஓட்டப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் மூலம் தெரிந்தது. மதகுப் பக்கத்து மாதிரியும் சுத்தமாக வந்துவிட்டால்? அவள் வீணாக ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்தவள் ஆவாள். கெட்டு வந்துவிட்டால்? அப்போது அந்த நாலு தொட்டிகள். எது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. மதகுப் பக்கத்து மண்ணில் காட்மியம் அளவைப்போல் ஆறு மடங்கு. குரோமியமும் தாண்டியிருந்தது. கால்வாயின் மேல்பக்கம் முன்பு ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது, இருபது வருடத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். பட்டறை போனாலும் அதன் கழிவு அடிச்சேற்றில் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதிகாரி அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, சுவரில் இருந்த விதிகளை உறையோடு கழற்றிக் கீழே வைத்தார்.

துருவி அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வயலில் இருந்தாள். மழையில் கழுவிய கூழாங்கல் பளபளவென்று மின்னியது. அக்கா கல் சுவர்மேல் உட்கார்ந்து அறிக்கையை வாங்கி, புரியாத எண்களையும் விடாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இதுல என்ன விதைச்சிருந்தாலும் இந்தக் கருமம் அதுல ஏறியிருக்குமா?"

"கீரை, கிழங்குல நிறைய ஏறும்க்கா. மத்ததுலயும் கொஞ்சம் ஏறும்."

அக்கா தாளை மடித்தாள். நன்றி சொல்வாள் என்று துருவி எதிர்பார்க்கவில்லை, திட்டுவாள் என்றுதான் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா இரண்டையும் செய்யாமல் வேறொன்று செய்தாள். தங்கையைப் போல் எதையும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை அவள். அன்று கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எடுத்த தொட்டியில எல்லாம் எங்க நின்னு எடுத்த?"

மூடி கழன்றுவிட்டது.

"கால் நின்ன இடத்துலதான்க்கா. நாலுலயும்." அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதாள். "எங்கிட்டப் பட்டியல் இருக்கு. மதகுப் பக்கத்து மண்ணு ஏழு பேருக்குப் போயிருக்கு. ரெண்டு வாரமா அதப் பையிலயே வச்சுக்கிட்டு அலையுறேன். உன் நிலத்துக்கு முதல்ல ஒரு வழி பண்ணிட்டு, நடுப்பக்கத்து மண்ணு தேறுதான்னு பாத்துட்டு, அப்புறமா..."

"என்னடி அப்புறமா?" அக்கா சுவரிலிருந்து இறங்கினாள். "நாங்க காத்துக்கிட்டுதான் இருக்கோம். அவங்க தின்னுக்கிட்டு இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்குள் போய் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வந்து துருவியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஏன் வருகிறாய் என்று துருவி கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளில் அது ஒன்று.

பட்டியலில் முதல் வீடு கேரட் போட்டிருந்த ஒரு தோட்டக்காரருடையது. துருவி முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை மனிதர் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றார். அவர் மனைவி பறித்து வைத்திருந்த கூடையைச் சத்தமில்லாமல் வாசலிலிருந்து எடுத்து உள்ளே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அப்புறம் அவர் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, ஒற்றையடிப் பாதை ஓரமாகச் சமமாக இருந்த ஒரு பாத்தியைக் காட்டினார்.

"இங்க எடுத்துக்குங்க. இங்கதான் சேறு இல்லாம நல்லா நிக்கலாம்."

துருவி வாயைத் திறப்பதற்குள் அக்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

"அங்க வேணாங்க" என்றாள். "நடக்கவே முடியாத இடம் எது, அதக் காட்டுங்க."